படத்துக்கு எண் போடுவது யார்?

பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழுவான ஐபிசிசி, 2001-இல் தன் மூன்றாம் மதிப்பீட்டு அறிக்கையை வெளியிட்டது. அதிலிருந்த ஒரு வரைபடம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. பல நூற்றாண்டுகளாக மெல்லச் சரிந்துவந்த வட அரைக்கோளத்தின் வெப்பநிலை, இருபதாம் நூற்றாண்டில் சட்டென்று நிமிர்ந்து ஏறுவதைக் காட்டும் கோடு அது. ஹாக்கி மட்டையைப் போல இருந்ததால் அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அறிவியல் அடிப்படைகளை விளக்கும் தொகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில் அது படம் 2.20. அதே தொகுதியின் தொழில்நுட்பச் சுருக்கத்தில் படம் 5. கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தில் படம் 1-இன் இரண்டாம் பகுதி. ஒரே புத்தகம், ஒரே கோடு, மூன்று எண்கள்.

இதை அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம். சுருக்கத்தைப் படித்துவிட்டு மூடிவைக்கும் அமைச்சருக்கு முதலில் வரும் படம் ‘படம் 1’ என்றுதான் இருக்க வேண்டும். அத்தியாயத்துக்குள் மூழ்கிய ஆய்வாளருக்கோ 2.20 என்றதுமே இரண்டாம் அத்தியாயத்தின் இருபதாவது படம் என்பது விளங்கிவிடும். தொல்லை பிறகுதான் வருகிறது. “அறிக்கையின் படம் 1” என்று யாராவது எழுதினால், எந்தப் படம் 1 என்று கேட்டுத்தான் தெளிய வேண்டியிருக்கிறது. அடுத்தடுத்த அறிக்கைகளில், கொள்கை வகுப்போருக்கான சுருக்கத்தின் ஆங்கிலப் பெயரைக் குறுக்கி, அதன் படங்களுக்கு ‘எஸ்பிஎம்.1’, ‘எஸ்பிஎம்.2’ என்று முன்னொட்டு வைத்து இதைச் சரிசெய்தார்கள்.

பேசாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே போயிருக்கலாமே? 2021-இல் வந்த அதே வரிசை அறிக்கையைப் பார்த்தால் விடை தெரியும். 234 ஆசிரியர்கள், 12 அத்தியாயங்கள், அதற்கு மேல் ஒரு நிலவரைத் தொகுப்பு. வரைவுகளைப் படித்தவர்கள் அனுப்பிய கருத்துகள் மட்டும் 78,007. அத்தனை அத்தியாயங்களும் ஒரே நேரத்தில் திருத்தப்படுகின்றன. மூன்றாம் அத்தியாயக்காரர்கள் ஒரு படத்தை நீக்கினால், தொடர் எண் முறையில் அடுத்த ஒன்பது அத்தியாயங்களின் எல்லாப் படங்களும் ஒரு எண் கீழே இறங்கும். அவற்றைச் சுட்டும் வாக்கியங்களும் கூடவே மாறியாக வேண்டும்.

படத்தின் எண் இரண்டு வேலைகளைச் செய்கிறது. வரிசையில் இந்தப் படம் எங்கே நிற்கிறது என்று காட்டுகிறது. கூடவே, அந்தப் படத்தைக் கூப்பிடுவதற்குப் பெயராகவும் இருக்கிறது. இடம் மாறக்கூடியது, பெயர் மாறக் கூடாதது. சென்னையில் ஒரே கதவில் ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டையும் எழுதிவைத்திருப்பதும் இந்த முரண்பாட்டால்தான். தெருவில் வரிசை சீராக இருக்க வேண்டும் என்று எண்ணை மாற்றினார்கள். அந்த எண்ணையே பெயராகப் பழகிய தபால்காரரும் உறவினரும் பழையதை விடவில்லை.

இந்தப் பிரச்சினை கணினியோடு பிறந்ததில்லை. பிரான்சில் திதரோ தொகுத்த கலைக்களஞ்சியத்தின் படத் தொகுதிகள் பதினொன்றும் 1762 முதல் 1772 வரை வெளிவந்தன. குண்டூசி செய்வது, கண்ணாடி ஊதுவது, கடிகாரம் செய்வது என்று நூற்றுக்கணக்கான தொழில்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் படத்தகடுகளின் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. செம்புத் தகட்டில் செதுக்கிய எண்ணை அழிப்பது எளிதா? மொத்தத்துக்கும் ஒரே தொடர் எண் என்றால், முதல் தகட்டில் உளி படுவதற்கு முன்பே கடைசித் தொகுதியின் வரிசையும் முடிவாகியிருக்க வேண்டும். பத்தாண்டு இழுத்த வேலையில் அது நடக்கிற காரியமில்லை. பல பொருள்களைப் பற்றிய ஒரு நூல், ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் என்பதே அன்று கைக்கு அடங்கிய தீர்வு.

கணினி வந்ததும் மாறியது ஒன்றுதான்: எண்ணை எழுதுவதைத் தள்ளிப்போட முடிந்தது. மனிதர் எண்ணை எழுத வேண்டாம். ‘இங்கே எண் வர வேண்டும்’ என்று ஒரு கட்டளையை வைத்தால் போதும். எத்தனை என்பதைக் கடைசியில் இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

வேர்ட் மென்பொருளில் படக்குறிப்பு செருகும் வசதியைப் பயன்படுத்தியிருப்பீர்கள். ‘படம் 3’ என்று திரையில் தெரியும் அந்த 3, தட்டச்சு செய்த 3 இல்லை. ஆல்ட், எஃப்9 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரை மாறி, அடியில் இருக்கும் கட்டளை தெரியும். ‘சீக்வன்ஸ்’ என்பதன் சுருக்கமான மூன்றெழுத்துச் சொல், பக்கத்தில் வரிசையின் பெயர். ‘இந்தப் பெயரில் எனக்கு முன்னால் எத்தனை வந்தன என்று எண்ணி, ஒன்று கூட்டிப் போடு’ என்பதுதான் அதன் பொருள். அட்டவணைகளுக்கு வேறு பெயரில் தனி வரிசை ஓடும். குறிப்பிட்ட எண்ணிலிருந்து தொடங்கச் சொல்லவும், ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பிலும் மறுபடி ஒன்றுக்குத் திரும்பச் சொல்லவும் சிறு துணைக் கட்டளைகள் உண்டு.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம், இந்தக் கணக்கு தானாக எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை என்பது. படத்தை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் பழைய எண்ணே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தும்வரை அந்தப் பொய் நீடிக்கும். உள்ளே ‘படம் 3-ஐப் பார்க்க’ என்று வரும் சுட்டுகள் வேறொரு வகை. படக்குறிப்பைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தை வேர்ட் வைத்துவிடுகிறது. சுட்டு அந்த அடையாளத்தைத் தேடிப் போகிறது. யாராவது படக்குறிப்பை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தால் அடையாளமும் போய்விடும். அப்போதுதான் ‘பிழை! சுட்டப்பட்டது கிடைக்கவில்லை’ என்ற பொருளில் தடித்த ஆங்கில எழுத்து நடுவரியில் முளைக்கும். பைண்டிங் செய்து, தங்க எழுத்துப் பொறித்து, பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கப்பட்ட ஆய்வேடுகளிலும் அந்த வரியைப் பார்க்கலாம்.

கணித, இயற்பியல்காரர்கள் வேறு பாதையில் வந்தார்கள். டொனால்ட் நூத், தன் நூலின் புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்பின் அழகின்மையைக் கண்டு வெறுத்து, 1977-இல் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கினார். ஆவணத்தின் தோற்றத்தை விட்டுவிட்டு அதன் அமைப்பை மட்டும் ஆசிரியர் சொன்னால் போதும் என்ற கருத்தை, பிரையன் ரீட் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஸ்கிரைப் என்ற மென்பொருள் வளர்த்திருந்தது. இரண்டையும் இணைத்தது போல, 1980-களின் தொடக்கத்தில் லெஸ்லி லாம்போர்ட் லேடெக்கை உருவாக்கினார். எண்ணிடும் விஷயத்தில் லேடெக்கின் வழியை நுணுக்கமாகப் பார்ப்பது பயன் தரும். பின்னால் வந்த பல அமைப்புகளின் தர்க்கமும் அதுதான்.

இரண்டாம் பக்கத்தில் ‘படம் 9-ஐக் காண்க’ என்று எழுத வேண்டும். ஆனால் ஆவணத்தை மேலிருந்து கீழாகப் படித்துவரும் இயந்திரம் ஒன்பதாம் படத்தை இன்னும் சந்திக்கவே இல்லை. அதன் எண் ஒன்பதா, பத்தா என்று எப்படித் தெரியும்? லேடெக் முதல் சுற்றில் அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறிகளைப் போட்டுவிட்டு நகர்கிறது. போகிற வழியில் ஒவ்வொரு படத்தையும் சந்திக்கும்போது ‘இந்த அடையாளத்துக்கு இந்த எண்’ என்று ஒரு துணைக் கோப்பில் குறித்துவைக்கிறது. இரண்டாம் சுற்றில் முதலில் அந்தக் கோப்பைப் படித்துக்கொண்டு தொடங்குகிறது, கேள்விக்குறிகள் எண்களாகின்றன. ‘அடையாளங்கள் மாறியிருக்கலாம், மறுபடி ஓட்டுக’ என்று அது முனகுவதற்குக் காரணம், போன சுற்றின் குறிப்புக்கும் இந்தச் சுற்றின் குறிப்புக்கும் வேறுபாடு இருப்பதுதான்.

லேடெக்கில் புதிதாக வருபவர்களை விழவைக்கும் ஒரு பொறி உண்டு. படத்துக்கு அடையாளப் பெயர் வைக்கும் கட்டளையைப் படக்குறிப்புக் கட்டளைக்கு முன்னால் எழுதிவிட்டால், சுட்டில் படத்தின் எண்ணுக்குப் பதிலாக அந்தப் பகுதித் தலைப்பின் எண் வந்து நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஏனென்றால் படங்களின் எண்ணிக்கையை வைத்திருக்கும் ‘எண்ணி’யை ஒன்று உயர்த்துவது படக்குறிப்புக் கட்டளைதான். படம் பக்கத்தில் வந்துவிட்டதாலேயே எண் வந்துவிடுவதில்லை. அடையாளம், கடைசியாக எந்த எண்ணி உயர்ந்ததோ அதைப் பிடித்துக்கொள்கிறது. அதாவது எண் படத்துக்குச் சொந்தமில்லை, குறிப்புக்குச் சொந்தம். குறிப்பில்லாத படம் வரிசையில் எண்ணப்படுவதே இல்லை. பொத்தான் சின்னங்களையும் அலங்காரக் கோடுகளையும் எண்ணாமல் விட இதுவே வசதியாகிறது.

லேடெக்கின் கட்டுரை வடிவத்தில் படங்களுக்குத் தொடர் எண். புத்தக வடிவத்தில் அத்தியாயம் தோறும் 3.1, 3.2. புத்தகத்திலும் தொடர் எண் வேண்டும் என்றால் எண்ணியை அத்தியாயத்திலிருந்து அவிழ்த்துவிட ஒரே ஒரு கட்டளை போதும்.

படங்களின் எண்கள் இரண்டு சுற்றுக்குள் நிலைத்துவிடும் என்று சொல்லலாம், ஏனெனில் அவை படங்கள் எழுதப்பட்ட வரிசையை மட்டுமே சார்ந்தவை. பக்க எண்கள் அப்படியில்லை. படப்பட்டியலை முன்னால் சேர்த்தால் அது நாலு பக்கத்தை விழுங்கும், எல்லாம் தள்ளிப்போகும், இன்னொரு சுற்று வேண்டும். சில சமயம் எத்தனை சுற்று ஓட்டினாலும் முடியாது. முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் போடுவது வழக்கம். அதில் எட்டு என்பது நான்கு எழுத்து, ஒன்பது என்பது இரண்டே எழுத்து. பக்கத்தின் விளிம்பில் நிற்கும் ஒரு வரியின் பக்க எண்ணை, அதற்குச் சற்று முன்னால் வரும் வாக்கியம் சுட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரி எட்டாம் பக்கத்தில் இருந்தால் நீளமான எண் அச்சாகி, பத்தி ஒரு வரி நீண்டு, அது ஒன்பதாம் பக்கத்துக்குத் தள்ளப்படும். இப்போது எண் இரண்டெழுத்தாகச் சுருங்குகிறது, பத்தியும் சுருங்குகிறது, வரி எட்டாம் பக்கத்துக்குத் திரும்புகிறது. மறுபடி நீளம், மறுபடி தள்ளல். எந்த நிலையிலும் ஆவணம் தன்னைப் பற்றி உண்மை சொல்லாது. ஒரு சொல்லை மாற்றி எழுதுவதுதான் மருந்து.

இதுவரை சொன்னதெல்லாம் ஆவணம் ஒரே கோப்பாக, அல்லது கடைசியில் ஒன்றாகச் சேரும் கோப்புகளாக இருந்தால். அத்தியாயத்துக்கு ஒரு வேர்ட் கோப்பு என்று பிரித்து வேலைசெய்பவர்களுக்கு ஒவ்வொரு கோப்பும் ‘படம் 1’ என்றே தொடங்கும். இரண்டாம் கோப்பில் ‘37-இலிருந்து தொடங்கு’ என்று கையால் சொல்லலாம். நாளைக்கே முதல் கோப்பில் ஒரு படம் கூடினால் அந்த 37 பொய். ஃபிரேம்மேக்கர் போன்ற நூல் தயாரிப்பு மென்பொருள்கள் இதற்காகவே ‘நூல் கோப்பு’ ஒன்றை வைத்தன. அத்தியாயக் கோப்புகள் எந்த வரிசையில் வருகின்றன, முந்தைய கோப்பு விட்ட இடத்திலிருந்து எண்ணைத் தொடர வேண்டுமா என்பதெல்லாம் அதில் பதிவாகும். எண்ணும் பொறுப்பு அத்தியாயத்திடமிருந்து மேலே இருக்கும் ஒன்றுக்குப் போகிறது.

இந்த எண்ணத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனது டிட்டா என்ற முறை. ஐபிஎம் நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் ஓயாசிஸ் அமைப்பின் தரநிலையானது. இதில் எழுதும் அலகு அத்தியாயம் இல்லை. ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லும் சிறு சிறு தலைப்புக் கோப்புகள். அச்சுப்பொறிக் கையேடு என்றால் ‘மை உறையை மாற்றுவது எப்படி’ என்பது ஒரு கோப்பு, ‘காகிதம் சிக்கினால்’ என்பது இன்னொன்று. இவற்றை எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்பதைத் தனியாக ஒரு வரைபடக் கோப்பு சொல்கிறது. ஒரே தலைப்பு ஐந்து கையேடுகளில் ஐந்து இடங்களில் வரலாம். ஆகவே தான் எங்கே நிற்கிறோம் என்பது தலைப்புக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதற்குள் இருக்கும் படத்துக்கு ஒரு குறிப்பும் மாறாத அடையாளப் பெயரும் உண்டு, எண் கிடையாது.

எண்ணைப் போடுவது கடைசியில் கோப்புகளைச் சேர்க்கும் இயந்திரம். பிடிஎஃப் தயாரிக்கும்போது எல்லாத் தலைப்புகளும் ஒரே மரமாக இணைக்கப்படுவதால், ‘எனக்கு முன்னால் குறிப்புள்ள படங்கள் எத்தனை’ என்று கேட்டால் சரியான தொடர் எண் கிடைக்கும். இணையப் பக்கங்களாக வெளியிடும்போது கதை வேறு. ஒவ்வொரு தலைப்பும் தனிப் பக்கமாகத் தனியே பதப்படுத்தப்படுகிறது. தனியே நிற்கும் கோப்புக்குத் தனக்கு முன்னால் யாருமே இல்லை. எல்லாப் பக்கத்திலும் ‘படம் 1’. பிடிஎஃப் கையேட்டில் படம் 37 என்றிருப்பது இணையத்தில் படம் 1. வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் “படம் 37-ஐப் பாருங்கள்” என்று சொல்லும் உதவி மையக்காரரின் பாடுதான் பாவம்.

உலாவியே எண்ணிக்கொள்ளாதா என்றால், எண்ணும். இணையப் பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்-இன் இரண்டாம் பதிப்பிலேயே, 1998-இல், எண்ணிகள் வந்துவிட்டன. ஆனால் உலாவியின் எண்ணி அந்தப் பக்கத்தோடு பிறந்து அந்தப் பக்கத்தோடு மடிகிறது. தொடக்க மதிப்பு 36 என்று பக்கம் தயாரிப்பவர் எழுதிக்கொடுத்தால் அடுத்த படம் 37 ஆகும். அந்த 36-ஐ யாராவது முழு வரிசையையும் பார்த்து முன்கூட்டியே கணக்கிட்டிருக்க வேண்டும். கணக்குப் போடும் முறையிலும் சிக்கனம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படமும் தனக்கு முன்னால் உள்ளவற்றை முதலிலிருந்து எண்ணினால், ஆயிரம் படங்களுக்கு 4,99,500 எண்ணல்கள். ஒரே முறை தொடக்கம் முதல் முடிவு வரை நடந்து, அடையாளப் பெயருக்கு எதிரே எண்ணை ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டே போனால் ஆயிரம் எண்ணல்கள். பிறகு எந்தப் பக்கமும் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளலாம். லேடெக்கின் துணைக் கோப்பேதான் இது, வேறு உடையில்.

இதில் மிக நுட்பமான இடம் மறுபயன்பாடு. ஒரே பாதுகாப்புத் தலைப்பு ஒரே கையேட்டில் இரண்டு இடத்தில் வருகிறது. அதன் படம் ஓரிடத்தில் 4, மற்றோரிடத்தில் 19. அந்தத் தலைப்புக்குள்ளேயே இருக்கும் சுட்டு எளிது, அருகில் இருப்பதைக் காட்டினால் போதும். வேறொரு தலைப்பிலிருந்து அதைச் சுட்டினால் நான்கா, பத்தொன்பதா? அடையாளப் பெயர் ஒன்றாக இருப்பதால் இயந்திரத்தால் தீர்மானிக்க முடியாது. எந்தக் கிளையில் வரும் பிரதி என்று எழுதுபவர் குறிப்பிட வழிசெய்யும் ஏற்பாடு டிட்டாவின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது. இன்னொன்று: ஒரே மூலத்திலிருந்து இரண்டு மாடல்களுக்குக் கையேடு வரும்போது, ஒன்றுக்கு வேண்டாத படங்கள் வடிகட்டப்படும். வடிகட்டிய பிறகுதான் எண்ண வேண்டும். முன்பே எண்ணிவிட்டால் 11-க்குப் பிறகு 14 வந்து, காணாமல் போன இரண்டு படங்களை வாசகர் தேடிக்கொண்டிருப்பார்.

தமிழில் எழுதுபவர்களுக்கு என்று சில சங்கதிகள் இருக்கின்றன. நம் வேற்றுமை உருபு எண்ணின் மேல் ஏறிக்கொள்கிறது: படம் 4-இல், படம் 4-ஐ. இயந்திரம் தரும் ‘படம் 4’-க்குப் பிறகு சிறுகோடிட்டு உருபை நாம் அடித்தால், 4 நாளை 5 ஆனாலும் வாக்கியம் கெடாது. ‘நான்காம் படத்தில்’ என்று அழகாக எழுதினால் அது இயந்திரத்தின் கண்ணுக்குப் படாது. படம் நகர்ந்த பிறகும் நான்காகவே நிற்கும். ‘கீழே உள்ள படத்தில்’, ‘முந்தைய படத்தில்’ என்பவையும் அப்படியே. பல தலைப்பு ஆவணங்களில் இந்தச் சொற்களை அறவே தவிர்ப்பதுதான் நல்லது என்பது என் கருத்து, உரைநடை கொஞ்சம் வறண்டாலும். தமிழ் எண்களில் படக்குறிப்பு வேண்டுமென்று விரும்புபவர்களுக்கு உலாவிகளில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் பத்தாம் படத்துக்கு மரபான ௰ வராது, இடமதிப்பு முறைப்படி ௧௦ என்றுதான் வரும்.

தொடர் எண்ணா, அத்தியாய எண்ணா என்று கேட்டால், ஒருவர் எழுதி ஒரே வீச்சில் படிக்கப்படும் நூலுக்குத் தொடர் எண்ணையே சொல்வேன். ‘படம் 112’ என்றால் புரட்டித் தேடவும் எளிது. பலர் எழுதித் துண்டுதுண்டாகத் திருத்தப்படும் நூலுக்கு அது ஆகாது. விமானப் பராமரிப்புக் கையேடுகள் இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கம் 1956-இல் வகுத்த முறைப்படி 32 என்றால் எந்த நிறுவனத்தின் விமானமானாலும் தரையிறங்கு சக்கர அமைப்பு. அதற்குள் பிரிவு, அதற்குள் பொருள் என்று ஈரிலக்கங்களாகப் பிரிந்து, படங்களின் எண் ஒவ்வொரு பொருளுக்குள்ளும் புதிதாகத் தொடங்கும். பிரேக்கைப் பற்றிய பக்கங்கள் மாறினால் அந்தத் தாள்களை மட்டும் உருவி, புதியதைச் செருகலாம். பக்கத்துப் பொருளின் ஒரு எண்ணும் அசையாது. ஹேங்கரில் வேலை அட்டையில் எழுதப்பட்ட பழைய படத்தின் எண் நேற்றும் இன்றும் ஒன்றையே குறிக்க வேண்டும். அங்கே வரிசை அழகைவிடப் பெயரின் உறுதிதான் பெரிது.

வெளியான பிறகு எல்லா ஆவணத்துக்கும் இதே நிலைதான். மற்றவர்கள் தங்கள் கட்டுரையில், தீர்ப்பில், கடிதத்தில் நம் படத்தை எண் சொல்லிச் சுட்டிவிட்டால், அந்த எண் இனி நம் இயந்திரத்தின் பிடியில் இல்லை. ஆகவே அச்சுக்கு அனுப்பும் பிரதியில், எல்லாவற்றையும் கடைசியாக ஒருமுறை புதுப்பித்த பின், கட்டளைகளைச் சாதாரண எழுத்துகளாக மாற்றி உறையவைப்பது நல்ல பழக்கம். வேர்டில் முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9. இதைச் செய்வதற்கு முன் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பில் ஒரு படம் கட்டாயம் கூடும்.